குப்பாயமும் தோள்சீலையும்

கள்ளிக்காடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளைக் கேரளத்தின் எல்லையூர்களாக்கிய கோடு 1956இல்தான் வந்தது. அதற்குமுன் இவையும் கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் ஒரே தென்திருவிதாங்கூர். பண்பாடு எவ்வாறு மாறுகிறது என்று விளக்கும் கோட்பாடுகளை உரசிப்பார்க்க இந்நிலத்தின் தோள்சீலைப் போராட்டம் நல்ல உரைகல்.

எம்.என். சீனிவாஸ் 1952இல் முன்வைத்த சமஸ்கிருதமயமாதல் கோட்பாட்டின்படி, தாழ்த்தப்பட்ட சாதிகள் மேல்சாதியினரின் வழக்கங்களைக் கைக்கொண்டு உயர முயல்கின்றன. பாய்ட், ரிச்சர்சன் இருவரும் 1985இல் பண்பாட்டைப் பரிணாம நோக்கில் ஆராய்ந்து, மதிப்புப் பெற்றோரின் பழக்கங்களே எளிதில் பரவுகின்றன என்றனர். இரண்டுமே பின்பற்றுபவரைக் கவனிக்கின்றன. பின்பற்றப்படுபவர் அதைத் தடுக்கும்போது என்ன நேர்கிறது என்பது ஓரத்தில் நின்றுவிடுகிறது.

1814இல் மன்றோ, கிறித்தவரான நாடார் பெண்கள் சிரியன் கிறித்தவரைப் போலக் குப்பாயம் அணியலாம் என்றார். நாயர் பெண்களைப் போல் மேலாடை இடக்கூடாது. 1829இன் அரச ஆணையும் அதையே உறுதிசெய்தது. உடலை மறைப்பது மட்டுமே நோக்கமாயின் குப்பாயத்தோடு சிக்கல் தீர்ந்திருக்கும். பெண்களோ குப்பாயத்தின்மேல் தோள்சீலையையும் இட்டனர். இதனை 'மார்பை மறைக்கும் உரிமை' என்று மட்டும் சுருக்கி எழுதுவோர் இந்தச் செய்தியைக் கடந்துபோய்விடுகின்றனர். 1858-59இல் சந்தைகளிலும் தெருக்களிலும் அவர்கள் ஆடை கிழிக்கப்பட்டது.

சென்னை ஆளுநர் டிரெவெல்யனின் நெருக்குதலுக்குப் பின், 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா ஆணையிட்டார். நாடார் பெண்கள் எம்மதத்தினராயினும் முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம், எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் கூடாது.

சொல்லின் மதிப்பு பிற சொற்களோடு அதற்குள்ள வேறுபாட்டில் இருக்கிறது என்றார் சசூர். திருவிதாங்கூர் அரசு அதனை நன்கு அறிந்திருந்தது போலும்: துணியை விட்டுக்கொடுத்து வேறுபாட்டைக் காத்துக்கொண்டது. ஆகவே இங்கே நடந்ததைப் பின்பற்றல் என்று மட்டும் சொல்வது போதாது. ஒரு குறி யாருக்கு உரியது என்ற வழக்கு அது. தோள்சீலை எல்லோர் தோளிலும் ஏறியிருந்தால் சாதியைச் சொல்லும் ஆற்றலை அது இழந்திருக்கும்.

1915இல் அவ்வழக்கு எதிர்த்திசையில் நிகழ்ந்தது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி கொல்லத்தில் கூட்டிய மாநாட்டில், புலையர் பெண்கள் தங்கள்மீது சுமத்தப்பட்ட கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். அங்கே அவர்கள் யாருடைய அணியையும் கேட்கவில்லை.