அமெரிக்கத் தென் மாநிலங்களின் ஒபோசம் வேட்டை

மெக்சிகோவுக்கு வடக்கே இயற்கையாக வாழும் ஒரே பைப்பாலூட்டி, அதாவது முதிராமல் பிறக்கும் குட்டிகளை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் விலங்கு, வர்ஜீனியா ஒபோசம் ஆகும். பன்றியின் தலையும் எலியின் வாலும் பூனையின் அளவும் கொண்டதாக 1612இல் ஜான் ஸ்மித் வருணித்த இவ்விலங்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடப்பட்டும் அருகிப் போகவில்லை.

இவ்வேட்டை வழக்கம் வேரூன்றியதற்கு அடிமை முறையும் ஒரு காரணமாகும். மக்காச்சோள மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியுமே பெரும்பாலும் படியாகப் பெற்ற கறுப்பின மக்களுக்குப் பகற்பொழுது தோட்ட முதலாளியின் உடைமையாக இருந்தது; துப்பாக்கி வைத்திருப்பதும் பொதுவாகத் தடுக்கப்பட்டிருந்தது. இரவில் இரைதேடும் ஒபோசத்தைப் பிடிக்கவோ நாயும் தீப்பந்தமும் சாக்கும் போதுமானவையாக இருந்தன. இலையுதிர்காலத்தில் பெர்சிமன் பழங்களை உண்ண மரமேறும் ஒபோசத்தை நாய்கள் குரைத்துக் காட்ட, வேட்டைக்காரர் கிளையை உலுக்கி வீழ்த்துவர். அது அழுகிய இறைச்சியையும் தின்னும் விலங்காதலால், சில நாள் கூண்டில் அடைத்துத் தூய தீனி கொடுத்த பின்னரே சர்க்கரைவள்ளிக் கிழங்குடன் சுட்டு உண்ணும் வழக்கமும் இருந்தது.

கீழே விழுந்து அகப்படும் ஒபோசம் பல வேளைகளில் வாய் பிளந்து, பல் தெரிய, எச்சில் வழிய விறைத்துக் கிடக்கும். ஆசனவாய்ச் சுரப்பிகளிலிருந்து நாற்றமடிக்கும் பச்சை நிறத் திரவமும் கசியும். திட்டமிட்ட நடிப்பன்று, கடும் அச்சத்தில் உடல் தானாகவே அடையும் இந்நிலை சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை நீடிக்கலாம். அசையாத இரையில் நாட்டமிழக்கும் விலங்கிடமிருந்து உயிரைக் காத்த இவ்வியல்பே, சாக்குடன் வந்த மனிதரிடம் அதை எளிதில் சிக்கவைத்தது.

வேட்டையால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்தது இனப்பெருக்க வேகமே. கருக்காலம் ஏறத்தாழ 13 நாள் மட்டுமே; தேனீயளவே உள்ள குட்டிகள் தாமே ஊர்ந்து பையை அடைகின்றன. பொதுவாக 13 முலைக்காம்புகளே இருப்பதால் அவற்றைப் பற்ற இயலாதவை இறக்கின்றன. எனினும் பிறந்த ஓராண்டுக்குள்ளேயே பெண் விலங்கு ஈனத் தொடங்குவதாலும், ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடியதாலும், காட்டில் ஈராண்டுக்கு மேல் வாழ்வது அரிதான இவ்வினத்தில் வெற்றிடங்கள் விரைவில் நிரம்பின. கூட்டுக்கு ஒரே முட்டையிட்ட பயணிப் புறாவோ, கோடிக்கணக்கில் இருந்தும், வணிக வேட்டைக்கும் காடழிப்புக்கும் ஈடுகொடுக்க முடியாமல் 1914இல் அற்றுப்போயிற்று.

அடிமைக் குடிசைகளிலும் ஏழை வெள்ளையர் வீடுகளிலும் சமைக்கப்பட்ட இவ்வுணவு, 1909 ஜனவரியில் அட்லாண்டாவில், குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த வில்லியம் ஹோவர்டு டாஃப்ட்டின் விருந்து மேசையையும் எட்டியது. இவ்விருந்தையொட்டி, டெடி கரடி பொம்மைக்குப் போட்டியாக உருவாக்கப்பட்ட ‘பில்லி பாஸம்’ பொம்மை விரைவிலேயே வழக்கொழிந்தது. மக்கள் நகரங்களுக்குக் குடிபெயரப் பெயர இரவு வேட்டையும் அருகியது. ஒபோசமோ எதையும் உண்ணும் இயல்பால் நகர்ப்புறக் குப்பையிலும் இரைகண்டு, உறைபனியில் காதுநுனியும் வால்நுனியும் கருகும் நிலையிலும் கனடாவின் ஒன்டாரியோ வரை பரவியது. 1890ஆம் ஆண்டையொட்டிக் கலிபோர்னியாவில் மனிதரால் விடப்பட்ட ஒபோசங்களின் வழியினர் இன்று பசிபிக் கரையோரமெங்கும் காணப்படுவது, ஒரு காலத்தில் இறைச்சிக்காகத் தேடப்பட்ட இவ்வினத்தின் பரவலுக்கு மனிதரே துணைபுரிந்ததையும் காட்டுகிறது.