நாச்சியார் நாடிய நட்பு



காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டை வணிகத்தால் சிறந்த நாடென்றே உலகம் அறியும். ஆயின், அண்டை நாடுகள் ஒன்றுகூடுவதன் அருமையை உணர்த்தும் அரசியல் வரலாறும் இம்மண்ணுக்கு உண்டு. அதனையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, கும்பினிப் படையின் துணைகொண்டு, தென்னாட்டு அரசுகளைத் தம் ஆணைக்குள் அடக்க முற்பட்டார். இடர் அனைவர்க்கும் பொதுவாக இருந்தது, ஒற்றுமைதான் இல்லை. 1771இல் தஞ்சை மன்னர் துளஜாஜி, அண்டை நாடான இராமநாதபுரத்தின்மீது படையெடுத்தார். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் நவாபும் கும்பினியும் இராமநாதபுரத்தைக் கைப்பற்றினர். அதே மாதத்தில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். 1773இல் தஞ்சையும் பறிபோயிற்று. தனித்து நின்ற மூன்று அரசுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன.

கணவரை இழந்த வேலுநாச்சியார், தம் மகளுடன் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தார். திண்டுக்கல் சீமை அப்போது மைசூர் ஹைதர் அலியின் ஆட்சியில் இருந்தது. பிரதானி தாண்டவராய பிள்ளை 1772 டிசம்பரில் ஹைதருக்கு ஓலை விடுத்தார். 5,000 குதிரை வீரரும் 5,000 காலாட்களும் வேண்டினார்.

ஹைதர் இவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தது இரக்கத்தால் மட்டுமா? அன்று என்றே நான் கருதுகிறேன். 1769ஆம் ஆண்டுச் சென்னை உடன்படிக்கைப்படி, ஒருவர்க்கொருவர் துணைநிற்பதாகக் கும்பினி அவருக்கு வாக்களித்திருந்தது. மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது அவ்வாக்கைக் காக்கவில்லை. ஆதலின் சிவகங்கையின் பகைவரே மைசூருக்கும் பகைவராயினர். இருவர் நலனும் ஒரே திசையில் நின்றமையால் அந்நட்பு நிலைத்தது.

எனினும் உதவி உடனே கைகூடவில்லை. நாச்சியார் எட்டாண்டுகள் காத்திருந்தார். 1780இல் ஹைதர் கருநாடகத்தின்மீது படையெடுத்தார். அவ்வாண்டிலேயே நாச்சியார், மருது சகோதரர் துணைநிற்க, மைசூர்ப் படையுதவியுடன் சிவகங்கையை மீட்டார். காலம் வரும்வரை உறவைப் பேணிக் காத்த பொறுமையும் அரசியல் அறிவேயாகும்.

இதன் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூர்த் துணை மறைந்தது. 1801 ஜூன் மாதத்தில், சிறுவயலில் வாழ்ந்த சின்ன மருது, சாதி சமய வேறுபாடின்றி அனைவரும் திரளுமாறு திருச்சியிலும் திருவரங்கத்திலும் அறிக்கை ஒட்டச் செய்தார். பாளையக்காரர் பலர் திரண்டனர். புதுக்கோட்டைத் தொண்டைமானோ கும்பினியின் பக்கம் நின்றார். அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர்.

வீரம் 1780இலும் இருந்தது, 1801இலும் இருந்தது. முன்னதில் வலிமை வாய்ந்ததோர் அண்டை அரசு உடனிருந்தது. பின்னதில் அத்தகைய துணை இல்லை. ஆகவே, போர்க்களத்து வாளைப் போற்றும் நீங்கள், தாண்டவராய பிள்ளையின் ஓலையையும் மறவாது போற்றுவீர்களாக!