டயருக்குள் தோட்டத்துப் பால்

மலேசியாவின் செமோர் வட்டார ரப்பர் தோட்டங்களில் தமிழர் வெட்டிய பாலின் கதை, ரப்பர் மரங்கள் செம்பனைக்கும் வீடுகளுக்கும் வழிவிட்டதோடு முடிந்துவிடவில்லை. பாலை அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி வரிபோட்டு, புகையில் உலர்த்திய தகடுகள் டயருக்குப் போயின. டயர் என்பது ரப்பரும் நாரும் அடுக்கடுக்காக ஒட்டிய பொருள். அடுக்கு பிரிந்தால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பிரிவு எங்கே தொடங்கும் என்பதை, 1960 வாக்கில் டக்டேல், பாரென்பிளாட் என்ற ஆய்வாளர்கள் தனித்தனியே வகுத்த விரிசல் கோட்பாட்டின் வழியே இன்று கணினி கணிக்கிறது.

செயற்கை ரப்பர் வந்தபின் பால்மரம் எதற்கு என்று கேட்கலாம். மிச்செலின் 1946இல் காப்புரிமை கோரிய ரேடியல் டயரே அதற்கு விடை. அந்த டயரில், வேகவைக்கும் முன்பே அடுக்குகள் ஒட்டிநிற்கவும், இழுபடும்போது படிகமாகி விரிசலைத் தடுக்கவும் இயற்கை ரப்பரே சிறந்தது. விமான டயர்கள் இன்றும் அதையே பெரிதும் நம்பியிருக்கின்றன. கணினி பலவீனத்தைக் காட்டும். பலத்தைத் தருவது பால். விடியுமுன் அதை வெட்டியவர்களுக்குத் தொழில்நுட்ப வரலாற்றில் உரிய இடம் தந்தே ஆக வேண்டும்.