வருகைப் பதிவேட்டில் மூன்று லத்தீன் சொற்கள்



ஸ்டூடன்ட், பிரசென்ட், ஆப்சென்ட். வகுப்பறையில் தினமும் புழங்கும் இந்த மூன்றும் ஆங்கிலத்துக்கு லத்தீன் கொடுத்தவை. மூன்றுமே லத்தீனில் நிகழ்கால எச்சங்கள். ஊக்கத்தோடு ஈடுபடுகிறவர், முன்னே இருக்கிறவர், விலகி இருக்கிறவர் என்பது பொருள்.

வடிவம் எளிது. வினையோடு 'ன்ஸ்' சேரும். வேற்றுமை ஏற்கும்போது அது 'ன்ட்' ஆகும். 'ஸ்டுடென்ஸ்' படிக்கிறவர்; 'ஸ்டுடென்டிஸ்' படிக்கிறவருடைய. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம். ஏஜென்ட் (செய்கிறவர்), பேஷன்ட் (துன்பம் தாங்குகிறவர்), பிரசிடென்ட் (முன்னே அமர்ந்திருக்கிறவர்) எல்லாம் இதே குடும்பம்.

கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் வர்ரோ சொற்களை நான்காகப் பிரித்தார்: வேற்றுமை ஏற்பவை, காலம் காட்டுபவை, இரண்டும் உடையவை, இரண்டும் இல்லாதவை. மூன்றாம் வகைதான் இது. பெயரிலும் வினையிலும் பங்கு பெறுவதால் லத்தீன் இலக்கணத்தில் இதற்குப் 'பார்ட்டிசிபியும்' என்று பெயர். நன்னூல் படித்தவர்களுக்கு வினையாலணையும் பெயர் நினைவுக்கு வரும். 'படிக்கிறவனுக்கு' என்பதிலும் காலம் உண்டு, வேற்றுமை உண்டு.

ஆனால் லத்தீனில் 'நிகழ்காலம்' என்றால் இன்று என்று பொருளல்ல. 'ரிடென்ஸ் டிக்சிட்' என்றால் சிரித்துக்கொண்டே சொன்னான். 'ரிடென்ஸ் டிக்கெட்' என்றால் சிரித்துக்கொண்டே சொல்வான். காலத்தை முடிவு செய்வது முற்று வினை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதை மட்டுமே எச்சம் சொல்கிறது. நம் 'கொண்டே'யும் அப்படித்தானே?

நாளாக நாளாகச் சில எச்சங்களில் செயல் மறைந்து, வெறும் பண்பு மட்டும் தங்கிவிடும். அதற்கும் லத்தீனில் அடையாளம் உண்டு. 'ஆர்டென்ஸ்' என்றால் எரிகிற. வீடு எரிகையில் என்பதற்கு 'ஆர்டென்டெ டொமொ'. தணியாத ஊக்கத்தோடு என்பதற்கு 'ஆர்டென்டி ஸ்டுடியொ'. செயல் உயிரோடு இருந்தால் முடிவில் 'எ'. பண்பாகிவிட்டால் பெரும்பாலும் 'இ'.

1758இல் லின்னேயஸ் நமக்கு வைத்த 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்ற பெயரிலும் இதே எச்சம்தான். அறிவுள்ள என்ற பண்புச்சொல்லாக அது ரோமானியர் காலத்திலேயே மாறிவிட்டது. அடியில் இருப்பதோ சுவைத்தல், உணர்தல் என்ற வினை.

ஸ்டூடன்ட் என்ற சொல்லும் அப்படித்தான் பதிவேட்டில் ஒரு பெயராகிவிட்டது. ஊக்கம் இருக்கிறதா என்று அந்தச் சொல் இப்போது கேட்பதில்லை.

இங்கே பின்னூட்டம் இடும்போது பலர் 'உங்கள் பழைய மாணவன்', 'பழைய மாணவி' என்று எழுதுகிறீர்கள். எதையாவது ஆர்வத்தோடு படித்துக்கொண்டிருந்தால், லத்தீன் கணக்குப்படி அந்தப் 'பழைய' வேண்டியதில்லை.