வராகனும் வட்டமும்

பசுமலையில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு நகை அடகுக்கடை. வளையலை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ‘மாற்று கொஞ்சம் கம்மி சார்!’ என்பார் கடைக்காரர். நமக்கு முகம் சுருங்கிப்போகும். 300 வருஷத்துக்கு முன்னால் இதே மதுரைச் சீமையில், காசுக்கே இந்தச் சோதனை நடந்தது. காரணம், காசே தங்கம்!

இன்றைக்குப் பொதுவாகப் ‘பணம்’ என்கிறோமே... அது அன்று ஒரு நாணயத்தின் பெயர். அரை கிராம்கூடத் தேறாத பொடித் தங்கக்காசு. கீழே விழுந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்! திருவிதாங்கூர்ப் பக்கம் பொடிக்காசுகளை எண்ணுவதற்கென்றே பலகை வைத்திருந்தார்கள். பலகை முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். காசைக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மிச்சத்தை வழித்துவிட்டால் கணக்கு ரெடி. நானும் பி.காம். படித்தவன்தான். எந்தப் புரொபசரும் இதைச் சொல்லித் தரவில்லை!

பணத்துக்கு அண்ணன், வராகன். வெள்ளைக்காரன் இதைப் ‘பகோடா’ என்றான் (டீயோடு சாப்பிடுகிற சமாசாரம் இல்லை!). எடை சுமார் 3.4 கிராம். ஆனால், எடை சரியாக இருந்தால் போதுமா? சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த நட்சத்திர வராகன் 19 காரட்டுக்குச் சற்று மேல். பரங்கிப்பேட்டை வராகனில் தங்கம் அதைவிடக் குறைவு.

ஜெர்மன் ராஜ்யங்களிலும் இதே கூத்துதான். ஆளுக்கொரு அக்கசாலை. 1559-ல் ஆக்ஸ்பர்க்கில் கூடி, ‘டூகாட்’ தங்கக்காசு ஏறக்குறைய 3.49 கிராம், கிட்டத்தட்ட சுத்தத் தங்கம் என்று சட்டம் போட்டார்கள். நம்ம வராகனின் ஒன்றுவிட்ட தம்பி! சட்டம் போட்டும் என்ன? 1620 வாக்கில், யுத்தச் செலவுக்காக வெள்ளிச் சில்லறையில் செம்பைக் கலந்து தள்ளினார்கள். நல்ல காசெல்லாம் பெட்டிக்குள் பதுங்க, கூலிக்காரன் கையில் மிஞ்சியது செம்பு.

நம் பக்கம் இந்தக் குழப்பத்தில் பிழைத்தவர் சராப்பு. காசை உரசி, நிறுத்து, ‘வட்டம்’ பிடித்துக்கொண்டுதான் மாற்றித் தருவார். யோசித்துப் பாருங்கள்... நெல்லை விற்ற குடியானவன் கையில் ஒரு காசு, வரி வாங்குகிறவர் கேட்பது வேறொரு காசு. நடுவில் சராப்பு. மழை பொய்க்காத வருஷத்திலும் அந்த வட்டம் மட்டும் தப்பாது. அவன் எங்கே போய் உரசிப் பார்ப்பான்?

1818-ல் சென்னை ராஜதானியில் கம்பெனி வெள்ளி ரூபாயை நிலை நாணயமாக்கியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கு. அதுவரை கம்பெனிக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 வெள்ளிப் பணம், ஒரு பணத்துக்கு 80 காசு; ஆக 3,360 காசு. அந்த வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பிக்க வேண்டியிருந்த குமாஸ்தாக்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது!