முதுகுல கண்ணு இருக்கா?

பஸ்ல போய்க்கிட்டு இருக்கீங்க. பின்னாடி யாரோ உங்களையே பார்க்கிற மாதிரி ஒரு உறுத்தல். திரும்பினா, நிஜமாவே ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கார். நம்மில் பலருக்கு இது நடந்திருக்கும். அப்படின்னா பார்வை முதுகுல படுறது நமக்குத் தெரியுதா? இந்தக் கேள்வியை விஞ்ஞானம் கையில் எடுத்து 125 வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதைதான் இன்றைய பகுதி.

1898. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டிட்ச்னர் உளவியல் பேராசிரியராக இருந்தார். ஜெர்மனியில் வுண்ட்டிடம் படித்தவர். மனதையும் ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்கலாம் என்று நம்பிய தலைமுறை. வருஷா வருஷம் அவர் வகுப்பில் சில மாணவர்கள் அடித்துச் சொல்வார்கள்: பின்னாலிருந்து யாராவது பார்த்தால் எங்களுக்குத் தெரியும். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், முன்னால் உட்கார்ந்திருப்பவரை வெறித்துப் பார்த்தே திரும்ப வைப்போம் என்பார்கள்.

டிட்ச்னர் சிரித்துவிட்டுப் போகவில்லை. அப்படிச் சொன்னவர்களை வைத்தே சோதித்தார். ஒன்றும் தேறவில்லை. 'சயின்ஸ்' இதழில் அவர் எழுதிய விளக்கம் இதுதான்: கூட்டத்தில் இருக்கும்போது நமக்கு முதுகைப் பற்றி ஒரு பதற்றம் உண்டு. முடியைச் சரிசெய்கிறோம், அசைகிறோம், திரும்புகிறோம். அசைகிற எதையும் கண் தானாகத் தேடிப் போகும். அதனால் நாம் திரும்பி முடிப்பதற்குள் பின்னால் இருப்பவரின் பார்வை நம் மேல் வந்துவிடுகிறது. அவர் பார்த்ததால நாம திரும்பலை. நாம திரும்பினதால அவர் பார்த்தார்!

முடிவு தெரிஞ்ச விஷயம்தானே, இதுக்கு எதுக்கு சோதனை? இந்தக் கேள்வி வரும்னு அவருக்கே தெரியும். ஆழமா வேரூன்றிய நம்பிக்கையை அசைக்க அது அவசியம் என்றார். ஆனால் எண்ணிக்கை எதையும் அவர் வெளியிடவில்லை.

1913ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் கூவர் அந்தக் குறையைத் தீர்த்தார். 10 பேர், ஆளுக்கு 100 முறை. பின்னால் இருப்பவர் இப்போது பார்க்கிறாரா, இல்லையா என்று சொல்ல வேண்டும். 1,000 பதில்களில் சரியானவை 50.2 சதவீதம். காசைச் சுண்டிவிட்டாலும் ஏறக்குறைய இதுதான் வரும்.

கதை அங்கே முடியலை. ரூபர்ட் ஷெல்ட்ரேக் என்ற ஆங்கிலேய உயிரியலாளர், 1970களில் ஹைதராபாத் பக்கத்தில் இக்ரிசாட்டில் பயிர் ஆய்வு செய்தவர். தன் முதல் புத்தகத்தை நம்ம குளித்தலை பக்கத்துல, தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் ஆசிரமத்தில் தங்கித்தான் எழுதினார். மனம் மூளைக்கு வெளியேயும் நீள்கிறது, அதனால் பார்வையை உணர முடியும் என்பது பின்னாளில் அவர் வாதம். அவரது சோதனைகளில் சரியான பதில்கள் பாதிக்குச் சற்று மேலே வந்தன.

2000ல் லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஷெல்ட்ரேக் பயன்படுத்திய வரிசைகளைக் கொண்டே சோதித்தார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் சரியா தவறா என்று சொன்னபோது ஆட்கள் தேறிக்கொண்டே போனார்கள். காரணம் அந்த வரிசைகளிலேயே இருந்தது. 'பார்க்கிறார்', 'பார்க்கவில்லை' இரண்டும் தற்செயலாக வருவதைவிட அதிகமாக மாறி மாறி வந்தன. ஆட்கள் அந்தப் போக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஒழுங்கே இல்லாத வரிசை கொடுத்ததும் அந்தத் திறமை காணாமல் போனது.

அப்போ நமக்கு வர்ற உறுத்தல் பொய்யா? இல்லைங்க, உறுத்தல் நிஜம். அதுக்கு நாம சொல்ற காரணம்தான் தப்பு. திரும்பிப் பார்த்து யாரும் பார்க்காத தடவைகளை நாம நினைவில் வைப்பதில்லை. இதில் ரெண்டு ஆபத்து இருக்கு. ஒண்ணு, நம்ம அசைவைப் பார்த்து நிமிர்ந்த ஒருத்தரை, இவ்வளவு நேரமா முறைச்சுக்கிட்டு இருந்தார்னு நினைச்சுடலாம். இன்னொண்ணு, உறுத்தல் எதுவும் இல்லைன்னா யாரும் பார்க்கலைன்னு நம்பிடலாம். கடைக்குள்ள போறோம், மேலே கேமரா முழு நேரமும் பார்த்துக்கிட்டு இருக்கு. பிடரி என்னைக்காவது எச்சரிச்சிருக்கா?

சந்தேகம் இருந்தா, ஒரு நண்பரைப் பின்னாடி உட்கார வச்சு, காசைச் சுண்டிப் பார்க்கச் சொல்லி, நூறு தடவை எண்ணிப் பாருங்க.