யாருடைய அறுவடை?

கதிரவன் சாய்கிறான். அவன் சிந்தும் பொன்னொளியில் கதிர்க்கட்டுகள் மின்னுகின்றன. காளைகள் பூட்டிய வண்டியிலே ஆட்கள் கட்டுகளை அடுக்குகின்றனர். பின்னே, மரங்கள் நிறைந்த குன்று. காண்போர் உள்ளம் குளிரும் காட்சி! 'எனது அறுவடை நிறைவு' என்ற பொருள்படப் பெயரிட்டார் ஓவியர். 1835-இல் தீட்டப்பட்ட இப்படம் டாஸ்மேனியத் தீவின் தலைநகரான ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜான் குளோவர் என்பது நம்மில் பலரும் கேட்டறியாத பெயர். 1767-இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் உழவர் குடியில் பிறந்தவர். இயற்கைக் காட்சிகளைத் தீட்டி இலண்டனில் பொருளும் புகழும் ஈட்டியவர். பருத்த உடல், பிறவியிலேயே வளைந்த இரு பாதங்கள். இவ்வளவோடும், 1831-இல், தம் 64ஆம் பிறந்த நாளன்று, வான் டீமன் நிலம் என அந்நாளில் வழங்கிய தீவில் வந்திறங்கினார். ஊன்றுகோலைத் தேடும் வயதில் உலகின் மறு கோடிக்குப் புறப்பட்ட துணிவைப் பாராட்டவே வேண்டும். பென் லோமண்ட் மலையை அடுத்த மில்ஸ் சமவெளியில் அவர் அமைத்த பண்ணை, நாளடைவில் 7,000 ஏக்கரைத் தாண்டிற்று.

'எனது அறுவடை' என்கிறார். அந்த 'எனது' என்னும் சொல்லைத்தான் நாம் சற்றே நிறுத்தி வைத்துக் கேட்க விரும்புகிறோம்.

அறுத்த கைகள் யாருடையவை? இங்கிலாந்து நாடு கடத்திய கைதிகளின் கைகள். பண்ணையாருக்குக் கைதிகளை ஒப்படைப்பது அரசின் ஏற்பாடு. உணவும் உடையும் உறைவிடமும் உண்டு. உழைப்புக்கு உரிய கூலி இல்லை. பணிய மறுத்தால் சவுக்கு உண்டு. படத்திலோ அந்தச் சவுக்கின் நிழல்கூட விழவில்லை.

நிலம் யாருடையது? இங்கேதான் செய்தி ஆழமாகிறது. இத்தீவின் காட்டுக்குள், இங்கிலாந்துச் சீமானின் பூங்காவில் ஓட்டுவதுபோல் வண்டி ஓட்டலாம் என்று குளோவரே வியந்து குறித்தார். இயற்கையின் கொடை என்று எண்ணினார் போலும்! இயற்கை அன்று, மனிதர். பருவம் அறிந்து, அளவு அறிந்து, புதர்களுக்குத் தீயிட்டுப் புல்வெளியைப் பேணிய பழங்குடி மக்களின் தலைமுறை தலைமுறையான உழைப்பு அது. ஏர் பிடிக்கவில்லை, வேலி கட்டவில்லை என்பதால் அவர்களை உழைக்காதவர் என்றான் வெள்ளையன். அவர்கள் பண்படுத்திய வெளியில் அவன் ஆடு மேய்ந்தது.

1830-இல் ஆளுநர் ஆர்தர், படைவீரரும் குடியேறியோரும் கைதிகளுமாக 2,200 பேருக்கு மேல் திரட்டி, 'கறுப்பு வரிசை' என்ற பெயரில் அம்மக்களை வேட்டையாடப் புறப்பட்டார். வலையில் விழுந்தோர் மிகச் சிலரே. வேட்டை தோற்ற இடத்தில் இன்மொழி வென்றது: ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் என்பவர் பேசிப் பேசி எஞ்சியோரை அழைத்துச் சென்றார். 1835 பிப்ரவரித் தொடக்கத்தில், பழங்குடியினர் அனைவரும் அகற்றப்பட்டு விட்டனர் என்று அரசுக்கு அறிவித்தார். அதே ஆண்டு மார்ச் 19 அன்று, கதிர்கள் முழுதும் வீடு வந்து சேர்ந்த நாளில், இப்படத்தைத் தொடங்கியதாகக் குளோவர் எழுதி வைத்தார். இடையே ஆறே வாரங்கள்!

ஓவியர் கண் மூடியிருந்தவர் அல்லர். 1832-இல் அதே மில்ஸ் சமவெளியில் பழங்குடியினர் நடனமிடுவதாக ஒரு படம் தீட்டினார். பின்னும் பல தீட்டினார். மண்ணிலிருந்து மக்கள் மறைய மறைய, துணியில் அவர்கள் ஆடிக்கொண்டே இருந்தனர். அன்பு என்று சொல்வோரும் உண்டு. அன்பாகவே இருக்கட்டும், ஆயினும் அறுவடைப் படத்தில் அவர்களுக்கு இடமில்லை. கணக்குப் பார்க்கும் இடத்தில் அன்பு நுழைவதில்லை போலும்.

ராபின்சன் அழைத்துச் சென்றோர் என்ன ஆயினர்? பிளிண்டர்ஸ் தீவில், விபலென்னா என்னும் குடியிருப்பில், ஏறத்தாழ 200 பேர் அடைக்கப்பட்டனர். நோயும் ஏக்கமும் தின்றன. 1847-இல் அங்கிருந்து மீட்டு வரப்பட்டோர் 47 பேர். அவர்களுள் ஒருவர் துருகனினி. 1876-இல் அவர் இறந்தபோது, 'இனத்தின் கடைசிப் பெண்' என்று ஏடுகள் எழுதின. அது பொய். அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவில் வாழ்ந்து நில உரிமை கேட்கின்றனர். 'ஒருவரும் இல்லை' என்றால் யாருக்கும் எதையும் திருப்பித்தர வேண்டியதில்லை அல்லவா?

துருகனினி தம் உடலை அறுத்து ஆராயக் கூடாது என்று அஞ்சி வேண்டியிருந்தார். அவ்வேண்டுகோளை மீறி எலும்பைத் தோண்டி எடுத்து, 1904 முதல் 1947 வரை பொதுமக்கள் பார்வைக்கு வைத்தனர். வைத்த இடம், குளோவரின் பொன்னிற அறுவடையைக் காத்துவரும் அதே ஹோபார்ட் அருங்காட்சியகம். 1976-இல்தான் அவ்வெலும்புகள் எரியூட்டப்பட்டுச் சாம்பல் கடலில் தூவப்பட்டது. அருங்காட்சியகம் அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2021-இல்.